ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்யாத தோட்டம்

தெரணியகலை டவுனில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எங்கள் தோட்டம். கீழே ரப்பர், மேலே தேயிலை, இரண்டுக்கும் நடுவே ஆபீஸ். அந்த ஆபீசில் நான் இருபத்தேழு வருடமாகக் கிளாக்கர். செக்ரோல் என்கிற சம்பளப் பேரேடு எழுதுவது, லீவுக் கடிதம் எழுதுவது, யாராவது செத்தால் பதிவுக்குக் கடிதம் எழுதுவது, தோட்டத்தை நடத்துகிற துரையின் கோபத்துக்குக் காது கொடுப்பது எல்லாம் என் வேலை. இவற்றோடு மழையையும் என்னிடமே ஒப்படைத்திருந்தார்கள்.

ஆபீஸ் முற்றத்தில் வெள்ளைக்காரன் காலத்து மழைமானி ஒன்று நிற்கிறது. செப்புக் குழாய், அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு போத்தல். காலை எட்டரைக்குப் போத்தலை எடுத்து, அதிலுள்ள தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து மழைக் கொப்பியில் எழுதவேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி நான் நிற்கும்போது கொழுந்து எடுக்க மலைக்குப் போகிற பெண்கள் கொஞ்சம் மரியாதையோடு ஒதுங்கிப் போவார்கள். அந்த மரியாதைக்காகவே நான் தேவைக்கு அதிகமான நேரம் ஒற்றைக் கண்ணோடு நின்றதுண்டு.

வாரத்தில் ஆறு நாள் இது ஒழுங்காக நடந்தது. ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு டவுனுக்கு ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் மத்தியானம்தான். எனக்கு டவுனில் ஒரு முஸ்லிம் நண்பர் இருக்கிறார், பிடவைக்கடை வைத்திருக்கிறார். அவர் கடையின் பின்னால் உட்கார்ந்து, பக்கத்து ஹோட்டலிலிருந்து வரும் சுடச்சுடப் பராட்டாவைக் கோழிக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே நாட்டு அரசியலை ஒரு கை பார்ப்போம். இதை விட்டுவிட்டு ஒரு போத்தல் தண்ணீருக்காக எட்டரை மணி வரை ஆபீசில் நிற்க எந்த மனிதனுக்கு மனம் வரும்?

ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். அப்போதிருந்த துரை அதைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மேசையில் அடித்தார். "எந்த நாளும் வெறுமையாக இருக்கக் கூடாது, ஏதாவது ஓர் இலக்கம் இருக்கவேண்டும்" என்றார். சரி என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓர் இலக்கம் போட்டேன். பூச்சியமும் இலக்கம்தானே. ஞாயிறு பெய்த மழை போத்தலில்தான் இருக்கும், திங்கள் காலை இரண்டு நாள் மழையையும் ஒன்றாக ஊற்றித் திங்கள் கணக்கில் எழுதிவிடுவேன். ஒரு சொட்டைக்கூட நான் விழுங்கவில்லை என்பதால் மனச்சாட்சியும் பெரிதாக உறுத்தவில்லை. பௌர்ணமிப் பொயா லீவுக்கும் தீபாவளிக்கும் இதே ஏற்பாடு.

நான் வேலைக்கு வந்து இருபத்தைந்து வருடமான வெள்ளிவிழாவுக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு நாளும் தவறாமல் மழை அளந்தவர் என்று பள்ளி அதிபர் மைக்கில் முழங்கினார். பொன்னாடையோடு வீட்டுக்கு வந்த என்னை என் மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்குங்க இது? ஒரு ஞாயித்துக்கெழம தவறாம டவுனுக்குப் போனதுக்கா?" என்றாள்.

கல்யாணம் செய்த நாளிலிருந்து என் பெருமைகளுக்கு எல்லாம் இவள்தான் தணிக்கை அதிகாரி.

மழையும் என்னைப் போலவே மாறிக்கொண்டுதான் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மழை ஓர் அரசாங்க உத்தியோகத்தனைப் போல இரண்டு மணிக்கு வரும், நாலு மணிக்குப் போகும். ரப்பர் வெட்டுகிறவர்கள் அதற்கு முன்னால் பாலைச் சேர்த்து ஸ்டோரில் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். இப்போது அப்படி ஒரு நேரம் காலம் கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒரு தூறலும் இருக்காது, தேயிலைக் கன்று கருகும், பெண்கள் ஈரத்துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுப்பார்கள். பிறகு ஒரு நாள் பழைய பாக்கி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகும். வெயிலும் இப்படித்தான். என் கல்யாணத்துக்குக் கிடைத்த ஸ்வெட்டரை டிசம்பர் மாதக் குளிருக்கு என்று பெட்டியில் வைத்திருந்தேன். டிசம்பர்கள் வந்தன, போயின, குளிர் மட்டும் வரவில்லை. இப்போது அந்த ஸ்வெட்டர் எங்கள் நாய்க்குப் படுக்கை. நாயும் அதில் படுக்காமல் சீமெந்துத் தரையைத்தான் தேடுகிறது.

போன வருடம் மாவட்டச் செயலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளம், மண்சரிவு போன்ற அனர்த்த வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர், என் மகள் வயது இருக்கும். சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் இருக்கிற பழைய மழைக் கொப்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து, இந்தப் பக்கத்தில் மழையும் சூடும் எப்படி மாறி வந்திருக்கின்றன என்று பார்க்கிறாராம். எங்கள் அலுமாரியில் கரப்பான் அரித்த பழைய கொப்பிகளையும் என் கொப்பிகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்தார். இரண்டு நாள் குனிந்த முதுகு நிமிரவில்லை. இந்தக் கொப்பிகளுக்கு இப்படி ஒரு வாழ்வா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கணினியோடு திரும்பி வந்தார். துரையும் நானும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். மழை பெய்கிற நாட்கள் குறைந்துகொண்டு போகின்றன, பெய்கிற நாளில் கொட்டுவது கூடிக்கொண்டு போகிறது, வானிலைத் திணைக்களத்துக் கணக்குப்படி இரவுகளின் சூடும் மெதுவாக ஏறுகிறது என்று கோடு கோடாகக் காட்டினார். நாயும் நானும் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்ததுதான். கடைசியாக ஒரு படத்தைத் திறந்தார். கிழமையின் ஏழு நாளுக்கும் ஏழு தூண்கள். திங்கட்கிழமைத் தூண் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தூணே இல்லை.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். உங்கட காலத்தில ஞாயிற்றுக்கிழமையில இந்தத் தோட்டத்தில மழை பெய்யிறேல்லையோ?"

துரை என்னைப் பார்த்தார். ஆபீஸ் வாச்சர் தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றார். உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல சந்தர்ப்பம். ஆனால் பொன்னாடை போர்த்தி வருடம் இரண்டுகூட ஆகவில்லை.

"மலைப்பக்கம் அப்படித்தாங்கம்மா. ஒவ்வொரு எடத்துக்கும் ஒவ்வொரு தன்மை" என்றேன்.

அவர் கணினியை மூடினார். "ஓம், சரி" என்றார். அந்த "சரி"யில் ஒன்றும் சரியாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு எங்களைத் தொழிலாளர் குடியிருக்கிற மேல் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடும்பத்துக்கு ஓர் அறை என்று பன்னிரண்டு காம்பரா உள்ள நீள லயம். அதன் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை. மலையின் பாதி உயரத்தில் மண் பிளந்து, கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது. அவர் தன் குடையை அதற்குள் விட்டார், பாதிக் குடை உள்ளே போய்விட்டது. புது வீடு கட்டிக்கொடுக்கும்வரைக்கும் இந்தப் பன்னிரண்டு குடும்பமும் மழையைப் பார்த்துத்தான் படுக்கவேண்டும் என்றார். ஆபீஸ் முற்றத்தில் மஞ்சள் கோடும் சிவப்புக் கோடும் போட்ட ஒரு பிளாஸ்டிக் மழைமானியை நட்டுத் தந்தார். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் மேல் லயத்து ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கவேண்டும். பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

"ஞாயிற்றுக்கிழமையிலயும் பாருங்கோ ஐயா. அண்டைக்கு மழை வராதுதான், எண்டாலும் பாருங்கோ" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வாச்சருக்கு வாய் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் நம் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாது என்பது கீழ் லயம், மேல் லயம், ஸ்டோர் எல்லாம் பரவிவிட்டது. மழை பெய்த ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு மானம் போனது. சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு என் வீட்டைக் கடக்கிறவர்கள், "என்னா வெயிலுங்கய்யா!" என்று குசலம் விசாரித்தார்கள். ஒரு கல்யாணத்துக்கு நாள் குறிக்க என்னிடம் வந்து, "ஞாயித்துக்கெழமையே வச்சிக்கிறோங்க, பந்தல் செலவு மிச்சம்" என்றார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

இந்தக் கேலியில் முதல் இடம் மேல் லயத்துக் கடைசிக் காம்பராக்காரிக்கு. ரப்பரில் பால் வெட்டுகிறவள், நாற்பத்தைந்து வயது, புருஷன் கொழும்பில் வேலை. தமிழில் ஒரு வாய், சிங்களத்தில் இன்னொரு வாய், இரண்டுக்கும் ஓய்வு கிடையாது. அவள் ஆபீசுக்குள் நுழைந்தால் துரையே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

அப்படியே ஏழெட்டு மாதம் போனது. நான் டவுனுக்குப் போகும் பஸ்ஸை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அளந்தேன். ஆறிப்போன பராட்டா எவ்வளவு கேவலமான பண்டம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனி மாலையே வானம் திறந்துவிட்டது. காலை எட்டரைக்குப் பிளாஸ்டிக் மானியில் தண்ணீர் மஞ்சளைத் தாண்டி நின்றது. எழுதிவிட்டு அதைக் காலி செய்யாமல் அப்படியே விட்டேன். வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்தேன். பதினொன்றரைக்குத் தண்ணீர் சிவப்பைத் தொட்டது. துரை கொழும்பில் இருந்தார். போன் எடுத்தேன். "உடனே ஆட்களை இறக்குங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார், லைன் அறுந்தது.

குடை பிடித்துப் பயனில்லாத மழை. ஓட்டமும் நடையுமாக மேல் லயத்துக்கு ஏறினேன். முதல் காம்பராவிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே போனேன். கேலி செய்தாலும் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும், துணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டும் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து நின்றார்கள். கடைசிக் காம்பராவில் அவள் அடுப்பில் சோறு வைத்திருந்தாள். அகப்பையோடு வெளியே வந்தாள்.

"எங்கங்க போகச் சொல்றீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு. செவப்பத் தாண்டிருச்சு. சட்டுனு வாம்மா."

"இன்னைக்கு என்னா கெழம?"

"ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம நம்ம தோட்டத்துல மழ பேயாதே. ஒங்க கொப்பியிலயே இருக்குதாமே."

யாரும் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தோளில் வைத்திருந்த ஒருவர் அதைக் கீழே இறக்கினார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறக்கினார்கள்.

"முந்தி ஒரு பெரிய மழைக்கும் இப்படித்தான் எறக்குனாங்க" என்றாள் அவள். "மூணு நாள் பள்ளிக்கூடத்துல கெடந்தோம். ஒண்ணும் நடக்கல. திரும்பி வந்து பாத்தா என்னோட நாலு கோழியக் காணோம். இப்ப நீங்க வந்து செவப்புங்கிறீங்க. அந்தக் கொப்பி பொய் சொல்லுதா, இந்தப் போத்தல் பொய் சொல்லுதா? எத நம்பறதுன்னு சொல்லுங்க, வர்றேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உயிர் போகிற நேரத்தில் வழக்கா பேசுகிறாய் என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பன்னிரண்டு குடும்பமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இருபத்தேழு வருடம் நான் போட்ட பூச்சியங்கள் ஒவ்வொன்றாக வந்து இந்த லயத்து வாசலை மறித்து நிற்பதாக எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் வாய் தானாகத் திறந்தது.

"கொப்பியும் பொய் சொல்லல, போத்தலும் பொய் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன்" என்று மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன். "ஞாயித்துக்கெழம நான் அளக்கவே இல்ல. டவுன்ல உக்காந்து பராட்டா தின்னுக்கிட்டு இருந்தேன். முட்டையப் போட்டுட்டு, பேஞ்சதெல்லாத்தையும் திங்கக்கெழமையில சேத்து எழுதுனேன். பொன்னாட போட்டாங்களே, அதுவும் பொய். ஆனா இன்னைக்கு அளந்தேன். மூணு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். செவப்பத் தாண்டிருச்சு. என்னைய நம்பவேணாம். போத்தல நம்புங்க."

அவள் அகப்பையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"எத்தன வருசமா?"

"இருவத்தேழு."

"அப்ப என்னோட கலியாணம்? அன்னைக்கு ஞாயித்துக்கெழம. பந்தல் சரிஞ்சு விழுந்து, பாயசத்துல தண்ணி ஏறி, மாப்பிள்ள வீட்டு ஆளுங்க எல்லாம் ஸ்டோருக்குள்ள உக்காந்து சாப்பிட்டாங்க. அதுக்கும் முட்டதான் போட்டீங்களா?"

"அதுக்கும் முட்டதான்."

"அனே!" என்று அவள் சிங்களத்தில் ஐயோ போட்டு நெஞ்சில் கை வைத்தாள். பிறகு அந்த மழையிலும் எல்லோரும் கேட்கும்படி என் பரம்பரையை ஒரு சுற்றுத் திட்டினாள். திட்டிக்கொண்டே உள்ளே போய் அடுப்பை அணைத்தாள், திட்டிக்கொண்டே இரண்டு கோழியை என் கையில் திணித்தாள், திட்டிக்கொண்டே சோற்றுப் பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் படி இறங்கியதும் கீழே வைத்த பொட்டலங்கள் எல்லாம் மறுபடி தோளுக்கு ஏறின. கிளாக்கர் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கோழிகளோடு ஓர் ஊர்வலத்தை நடத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழி முழுக்க ஒரு கோழி என்னைக் கொத்திக்கொண்டே வந்தது. கொத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாலை நாலு மணி இருக்கும். பள்ளிக்கூட வகுப்பறையில் அவளுடைய சோறு பிள்ளைகளுக்குப் பங்காகிக்கொண்டிருந்தது. மேலே லொறி ஒன்று கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டது. வாசலுக்கு ஓடினோம். மழைத் திரைக்குள் தேயிலை மலை மெதுவாகத்தான் இறங்கியது, பச்சைப் பாயை யாரோ கீழே இழுப்பது போல. லயத்தின் கடைசி நாலு காம்பராவின் கூரை அசைந்தது, பிறகு தெரியவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பிறகு எழுந்து ஆட்களை எண்ணினேன். ஐம்பத்தொன்று. மேல் லயத்தின் முழுக் கணக்கும் அதுதான், ஆனாலும் நம்பிக்கை இல்லாமல் திரும்ப எண்ணினேன். மூன்று தடவையும் ஐம்பத்தொன்றுதான்.

திங்கள் காலை எட்டரைக்கு மழைமானிக்குப் போனேன். பிளாஸ்டிக் மானி வாய்வரை நிரம்பி நின்றது. பழைய செப்பு மானியில் போத்தலும் நிரம்பி, குழாயும் நிரம்பி வழிந்திருந்தது. மேற்கொண்டு எவ்வளவு பெய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். யாழ்ப்பாணத்து அம்மா போனில் கூப்பிட்டார். முதலில் ஆட்களைப் பற்றிக் கேட்டார், பிறகு அளவைக் கேட்டார். தெரியாது என்றேன். கையோடு பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் கதையையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அது அண்டைக்கே விளங்கினது, ஐயா" என்றார். "உங்கட திங்கட்கிழமை எல்லாத்தையும் ரெண்டு நாள் மழை எண்டு அப்பவே மாத்தி எழுதிப்போட்டன். உங்கட வாயால வரட்டும் எண்டுதான் பேசாமல் இருந்தனான்."

இத்தனை மாதம் என் மானத்தை நான் காப்பாற்றி வைத்திருந்த லட்சணம் இதுதான்.

போனை வைத்துவிட்டுக் கொப்பியைத் திறந்தேன். இலக்கம் எழுதும் கட்டத்தில் 'அளக்க முடியவில்லை' என்று எழுதினேன். எழுதி முடிக்கும்போது கடைசிக் காம்பராக்காரி உள்ளே வந்தாள். முழங்கால்வரை சேறு. தன் காம்பரா இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது. மேசைக்கு வந்து கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"நேத்து மழ எத்தனைன்னு போட்டீங்க?"

"போடல. நெறஞ்சு வழிஞ்சிருச்சு. தெரியாதத இனிமே எழுதமாட்டேன்."

"எனக்குத் தெரியும். பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றாள். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, விரலை நிமிர்த்திக் காட்டினாள். "என்னோட அடுப்புக்கு மேல ஒரு மொழம் மண்ணு. எழுதுங்க."

குறிப்பு எழுதும் பத்தியில் எழுதினேன். கடைசிக் காம்பராவில் அடுப்புக்கு மேல் ஒரு முழம் மண். வாசித்துக் காட்டச் சொன்னாள், வாசித்தேன்.

"ஆளுங்க எல்லாம் இருக்காங்கன்னும் போடுங்க. பின்னால படிக்கிறவங்க பயந்துறப் போறாங்க."

அதன் கீழே, மேல் லயத்தில் ஐம்பத்தொரு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதித் தேதி போட்டேன்.